கோப்பை கழுவும் சட்டம்

மாதவிடாய் நின்று பதினாறு வருஷம் கழித்து எனக்கு இரத்தம் பட்டது. அதை ஐந்து மாதம் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இதைப் படிக்கிற பெண்களில் யாருக்காவது அப்படி ஆனால், ஒரு சொட்டாக இருந்தாலும் சரி, அந்த வாரமே டொக்டரிடம் போங்கள். சூடு என்று சொல்லிக்கொண்டு இளநீர் குடிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதோடு எழுந்து போகலாம்.

நேரம் இருப்பவர்களுக்கு, நான் ஏன் ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறேன். நான் வாயை மூடுகிற ஆள் இல்லை. கண்டியில் ஒரு பெண்கள் பாடசாலையில் இருபத்தாறு வருஷம் கென்டீன் நடத்தினேன். இருபது நிமிஷ இடைவேளையில் முந்நூறு பிள்ளைகளுக்குப் பணிஸும் வடையும் கொடுத்து முடிக்கத் தொண்டை பெரிதாக இருக்க வேண்டும். என்னுடையது பெரிது. என் மருமகள் சுகந்தி, "மாமி ரகசியம் சொன்னா பக்கத்து வீட்டு நாய் எந்திரிக்கும்" என்பாள். அப்படிப்பட்ட நான் மறைத்தேன். காரணம், நான் போட்ட ஒரு சட்டம்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாசிகசாலையின் மேல்மாடியில் புதன்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பதினான்கு பெண்கள் கூடுவோம். எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். என்னைப் போலத் தோட்டத்துப் பக்கமிருந்து வந்தவர்கள் சிலர், யாழ்ப்பாணத்துக்காரர் சிலர், திகனயிலிருந்து பஸ் ஏறி வரும் முஸ்லிம் பெண்கள் மூன்று பேர். கேரம் அடிப்போம். முந்நூற்று நாலு விளையாடுவோம். அது நான்கு பேர் ஆடும் சீட்டு. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. நடுவில் பிளேன்டீ, பிஸ்கட். பெயரில்லாத கிளப். புதன்கிழமை என்று மட்டும் சொல்வோம்.

ஆரம்பத்தில் அது கிளப்பாக இல்லை. வந்து கதிரையில் உட்கார்ந்ததும் ஒருத்தி தன் சீனி எவ்வளவு என்று சொல்வாள். அடுத்தவள் முழங்காலை நீட்டிக் காட்டுவாள். மூன்றாமவள் தன் மச்சான் மாரடைப்பில் விழுந்த கதையை அவன் என்ன சாப்பிட்டான் என்பதிலிருந்து தொடங்குவாள். ஒருநாள் அந்தக் கதையைக் கேட்டே ஒருத்திக்குப் பிரஷர் ஏறி வாங்குப் பலகையில் படுத்துவிட்டாள். நான் மேசையில் அடித்தேன். "இது என்னா, கிளப்பா, ஆஸ்பத்திரி வாட்டா? இனிமே இங்க நோயப் பத்திப் பேசுறவ அன்னைக்கு எல்லாக் கோப்பையையும் கழுவணும்" என்றேன். மாடியில் தண்ணீர் இல்லை. பைப் கீழே, பின்பக்கம். பத்தொன்பது படி. முழங்கால் வலி உள்ளவள் முழங்கால் வலியைச் சொன்னால் அந்த முழங்காலோடுதான் கோப்பைகளை அடுக்கிய பேசினைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தூக்கினார்கள். சட்டமாகிவிட்டது.

சட்டம் வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆறு வருஷம் நாங்கள் அந்த மாடியில் சிரித்த மாதிரி நான் என் கல்யாணத்தில்கூடச் சிரிக்கவில்லை. "சுகமா?" என்றால் "நல்ல சுகம்" என்பதோடு முடிந்தது. பிறகு சீட்டு.

சீட்டில் என் கட்சிக்காரி ஞானம் டீச்சர். யாழ்ப்பாணம், கல்யாணம் முடித்து வந்து நாற்பது வருஷமாகக் கண்டியில்தான். கணக்கு டீச்சர். அவர் புருவத்தைப் பார்த்தே கையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஜமீலா எங்கள் எதிர்க் கட்சி. திகனயில் புடவைக் கடைக் குடும்பம், எங்களில் இளையவள். தோற்கும்போதெல்லாம், "ரெண்டு பேரும் கண்ணால கதைக்கிறீங்க, நான் காங்கிறன்" என்று கத்துவாள்.

முதல் தடவை பட்டபோது மூலம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு இன்னும் முட்டாளானேன். மகன் ரவியிடம் சொல்ல முடியாது. அவன் ஆம்பிளைப் பிள்ளை. சுகந்தி வேலைக்குப் போய்க் களைத்து வருகிறவள். சொல்லக்கூடிய பதின்மூன்று பேர் எனக்கு இருந்தார்கள். என் வயதுக்காரிகள், பெண்கள். ஒவ்வொரு புதனும் படியேறும்போது, இன்றைக்கு டீச்சரிடம் மட்டுமாவது கேட்போம் என்று நினைப்பேன். உள்ளே போனதும் யாராவது இருமினால்கூட, என்னைக் காட்டி, "சரசக்கா இருக்கா, இருமாத" என்று மற்றவள் சொல்லுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுச் சீட்டைக் கலைப்பேன்.

கண்டுபிடித்தது சுகந்தி. அவள் பல்லேகலவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தைத்து முடிந்த சட்டைகளைத் திருப்பிப் பார்த்துக் குறை பிடிப்பதுதான் வேலை. ஒரு ஞாயிறு காலை கொடியில் காய்ந்த என் உள்பாவாடையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"மாமி, இது என்னா?"

"வெத்தலச் சாறு."

"மாமி, நா ஒரு நாளைக்கி எத்தன சட்டையத் திருப்பிப் பாக்கிறேன் தெரியுமா? கழுவின கறதான் மொதல்ல கண்ணுல படும்."

நான் கத்தினேன். என் துணியை நோண்டுவதற்கு நீ யார் என்று கேட்டேன். அவள் பாவாடையை மடித்து வைத்துவிட்டுப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "புதன்கிழம கிளினிக் இருக்கு. நா லீவு சொல்லிட்டேன்" என்றாள். சண்டையே போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

புதன்கிழமை என்பதால் கிளப்பில் பொய் சொல்ல வேண்டியதாயிற்று. பன்விலவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று ஒவ்வொருத்திக்கும் போனில் சொன்னேன். ஞானம் டீச்சரும் அந்தப் புதன் வரமாட்டேன் என்றார். ஊரில் காணி விஷயமாம், யாழ்ப்பாணம் போக வேண்டுமாம். இரண்டு பேரும் ஒரேநாள் போனால் எங்களிடம் யார் தோற்கிறது என்று ஜமீலா அலுத்துக்கொண்டாள்.

கிளினிக் என்றால் நீளமான வாங்குகள். நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் இருப்பவள் எழும்ப எழும்பப் பின்னால் இருப்பவள் நகர வேண்டும். காலை ஆறரைக்கே போய்விட்டோம். என் நம்பர் நாற்பத்தொன்று. கர்ப்பிணிப் பிள்ளைகள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அவர்கள் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபத்தேழு வயதில் இங்கே என்ன வேலை என்று யாரோ கேட்கப்போகிறார்கள் என்று குனிந்துகொண்டே இருந்தேன். நகர்ந்து நகர்ந்து வாங்கின் கோடிக்கு வந்தபோது முன் வாங்கில் ஒரு கொண்டை தெரிந்தது. அந்தக் கொண்டையை எனக்குத் தெரியும். வலது பக்கம் சரிந்து, ஒரே ஒரு கறுப்பு ஊசி.

"டீச்சர்?"

திரும்பினார்.

"நீர் பன்விலயிலை கலியாண வீட்டிலை எல்லோ?" என்றார்.

"நீங்க யாழ்ப்பாணத்துல காணி அளந்துகிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன்."

"ஓம். அளந்து முடிஞ்சுது." கையில் இருந்த கிளினிக் புத்தகத்தைக் காட்டினார். விளிம்பெல்லாம் நைந்து, பக்கங்கள் பருத்துப்போயிருந்தது. என்னுடையது புதிது, அட்டை பளபளத்தது. "இரண்டு வருசத்துக்கு முந்தி எனக்குக் கர்ப்பப்பை எடுத்தவை. புற்றுநோய். இப்ப இடைக்கிடை வந்து காட்டிறனான்."

இரண்டு வருஷத்துக்கு முன் டீச்சர் இரண்டரை மாதம் கிளப்புக்கு வரவில்லை. மகளோடு யாழ்ப்பாணத்தில் என்றார்கள். திரும்பி வந்த அன்று நான் எல்லார் முன்னாலும், "என்னா டீச்சர், எலும்பா வந்திருக்கீங்க, அங்க சோறே போடலையா?" என்று கேட்டேன். அவரும் சிரித்தார். நான் சீட்டைப் போட்டேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"இரத்தம் பட்டது. ஒரே ஒருக்கா. நான் அடுத்த நாளே வந்திட்டன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே! அஞ்சு மாசம் டீச்சர்! அஞ்சு மாசம் பாவாடையக் கழுவிக்கிட்டு இருந்தேன்!" கர்ப்பிணிப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "சரசு, மேசையிலை அடிச்சுச் சட்டம் போட்டது ஆர்? பதினாலு கோப்பை, பத்தொன்பது படி. வயித்திலை தையலோடை நான் கழுவிறதே?"

என் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாமல்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள். அதனால் சொல்கிறேன். முதலில் ஸ்கேன். மெல்லிய குச்சி போன்ற ஒன்றைக் கீழ்வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். சங்கடம்தான்; பெரிய வலி இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு கர்ப்பப்பையின் உட்சுவர் மெல்லிசாக இருக்க வேண்டும். என்னுடையது தடித்திருந்தது. அதனால் ஒரு சின்னக் குழாயை விட்டு அந்தச் சுவரிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்கள். அப்போது அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது மாதிரி இருந்தது. நான் பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது. அந்தத் துணுக்கைச் சோதனைக்கு அனுப்பி, அதில் கெட்டது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டொக்டர் சிங்களப் பிள்ளை, என் மகனைவிட இளையவர். ஏன் அம்மா இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கோப்பை கழுவ வேண்டும் என்பதற்காக என்று எந்தப் பாஷையில் சொல்வது? வேலை கூடிப்போனது என்றேன்.

ரிப்போட் வர மூன்று வாரம். அந்த மூன்று புதனும் கிளப்புக்குப் போனேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று டீச்சரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். எதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் விளையாடினோம். தோற்றுக்கொண்டே இருந்தோம்.

"என்ன டீச்சர், கணக்கு மறந்து பெய்த்தா?" என்று ஜமீலா நக்கலடித்தாள். டீச்சர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு யன்னல் பக்கம் போனார். அவர் எனக்காகப் பயப்படுகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்கே அதற்குப் பிறகுதான் சரியான பயம் வந்தது.

ரிப்போட்டில் புற்றுநோய் என்றிருந்தது. ஆரம்பம் மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் கர்ப்பப்பையை எடுத்து முழுதாகச் சோதித்த பிறகுதான் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று சொல்லலாம் என்றார் டொக்டர். சுகந்தி கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள், ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரவி தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனான். அரை மணித்தியாலம் கழித்துச் சிவந்த கண்ணோடு வெறுங்கையாக வந்தான். "தேத்தண்ணி எங்கடா?" என்றேன். "முடிஞ்சிருச்சி" என்றான். ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணி முடியுமா?

அரசாங்க ஆஸ்பத்திரி, ஒப்பரேஷனுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஒரு ஸ்கேன் மட்டும் வெளியில் எடுத்தோம். அதன் பில்லை ரவி என் கண்ணில் காட்டவே இல்லை.

கிளப்பில், கொழும்பில் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்றேன். எனக்குத் தங்கச்சியே இல்லை. ஆறு வருஷப் பழக்கத்தில் ஒருத்திக்கும் அது தெரியவில்லை.

வாட்டில் ஒன்பது நாள். முதல் நாள் வயிற்றைக் கழுவினார்கள். மறுநாள் காலை தள்ளுகட்டிலில் கொண்டுபோனபோது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒரு தாதி கையைப் பிடித்து, "பய வென்ட எப்பா அம்மே" என்றாள். பயப்படாதே என்று சொன்னால் பயம் போகாது. ஆனால் கையைப் பிடித்ததில் கொஞ்சம் போனது. கண் விழித்தபோது தொண்டை காய்ந்து, வயிற்றில் செங்கல் அடுக்கிய மாதிரி இருந்தது. மூத்திரம் சேரும் பை கட்டிலில் தொங்கியது. காற்றுப் பிரிந்தால்தான் குடல் விழித்திருக்கிறது என்று அர்த்தம், அதுவரை சாப்பாடு கிடையாது என்றார்கள். தாதிமார் வரும்போதெல்லாம், "பிரிந்ததா?" என்று கேட்டார்கள். என் வாழ்க்கையில் அந்தக் கேள்வியை அத்தனை பேர் அத்தனை மரியாதையாகக் கேட்டதில்லை. இரண்டாம் நாள் பிரிந்தது. சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். பக்கத்துக் கட்டில் அக்கா கை தட்டினாள்.

ரவி மத்தியானம் பார்வை நேரத்துக்குக் கஞ்சியோடு வந்தான். கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்ததால் என்னால் தலை சீவ முடியவில்லை. சுகந்தி வேலையில். அவன் சீப்பை எடுத்து, சுற்றியிருந்த பெண்கள் பார்க்கப் பார்க்க, என் முடியைச் சிக்கெடுத்துப் பின்னினான். நாற்பத்தொரு வயது, கையில் சிமெண்டுத் தழும்பு. கோணலாகத்தான் பின்னினான். வீட்டுக்குப் போகும்வரை நான் அதை அவிழ்க்கவில்லை.

ஞானம் டீச்சர் தினமும் வந்தார். பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து என் போர்வையின் மேல் பரப்பினார். இரண்டு பேரால் முந்நூற்று நாலு ஆட முடியாது, ஏதோ ஆடினோம்.

"சிரிக்க வைக்காதீங்க டீச்சர், தையல் பிய்யும்."

"பிய்யாது. என்ரை பிய்யேல்லை." பிறகு, சீட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு இஞ்சை வந்து ஒருத்தரும் சீட்டு விளையாடேல்லை" என்றார்.

வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த வார்த்தைக்கு ஊசி இல்லை.

வீட்டுக்கு வந்து ஆறு வாரத்தில் முழு ரிப்போட். நோய் கர்ப்பப்பையின் உள்ளேயே நின்றுவிட்டது. வேறெங்கும் போகவில்லை. கதிர் வைக்கத் தேவையில்லை, மருந்து ஏற்றத் தேவையில்லை. இடைக்கிடை வந்து காட்டினால் போதும். ஐந்து மாதம் மறைத்தும் தப்பினேன். இது என் கெட்டித்தனம் இல்லை. இன்னொருத்திக்கு இப்படி நடக்கும் என்று நம்பாதீர்கள். வரும் வழியில் ரவி ஓட்டோவை நிறுத்தித் தேநீர் வாங்கினான், மூன்று கோப்பை. அன்றைக்கு முடிந்துபோகவில்லை.

அடுத்த புதன் கிளப்புக்குப் போனேன். பத்தொன்பது படியையும் நின்று நின்று ஏறினேன். தேநீர் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து நின்று, "எனக்குத் தங்கச்சி இல்ல" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிருந்து இரத்தம் வந்தது, எத்தனை மாதம், என்ன எடுத்தார்கள், எல்லாம். மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளுக்கும் கேட்டிருக்கும். டீச்சர் விஷயத்தை நான் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை.

நான் பேசினை எடுத்துக் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினேன்.

"வையும் அதை," என்றார் ஞானம் டீச்சர். "உமக்கு இன்னும் பாரம் தூக்கேலாது. எனக்கு இரண்டு வருசக் கோப்பை கிடக்கு." எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் கதையை நான்கு வரியில் சொன்னார், கணக்கு செய்து காட்டுகிற மாதிரி. பேசினைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஒருத்தி எழுந்து, தனக்கு ஒரு காது ஒரு வருஷமாகக் கேட்பதில்லை என்றாள். ஒரு கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இன்னொருத்திக்கு இருமினால் மூத்திரம் போகிறது, அவளும் இறங்கினாள். கடைசியில் பைப்படியில் ஒன்பது பேர் நின்றோம். ஒருத்தி கழுவ, ஒருத்தி துடைக்க, மற்றவர்கள் பேச.

ஜமீலா என் பக்கத்தில் நின்று ஒரே கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்த கோப்பை.

"சரசக்கா."

"என்னா?"

"ஒங்களுக்கு வந்தது... எனக்கும் ஈக்கிது. ரெண்டு மாசமா."

நான் அவளைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவள் அழுதாள். நானும் அழுதேன், பேசிக்கொண்டே. டீச்சர் ஈரக்கையோடு வந்து, "அடுத்த புதன், காலமை ஆறு மணி, பஸ் ஸ்டாண்ட்" என்றார்.

மூன்று பேரும் போனோம். ஜமீலாவை நடுவில் வைத்துக்கொண்டு வாங்கில் நகர்ந்தோம். அவளுக்கும் ஸ்கேன், அவளுக்கும் துணுக்கு எடுத்தார்கள். ரிப்போட் எடுக்கப் போன நாளும் மூன்று பேரும் போனோம். டொக்டர் அறைக்குள் அவள் தனியாகத்தான் போனாள். கதவு மூடியிருந்த நேரம் எவ்வளவு என்று டீச்சரைக் கேட்டால் நிமிஷக் கணக்காகச் சொல்வார். எனக்கு அது ஒன்பது நாள்.

கதவு திறந்தது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தாள்.

"என்னா சொன்னாங்க?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "நோயப் பத்தியா கேக்கிறீங்க? அதெல்லாம் பின்னேரம் பைப்படியில சொல்றன். சட்டம் சட்டம்தான்."

ஆறு வருஷம் சீட்டு விளையாடியிருக்கிறேன். அந்த முகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? என் கிளினிக் புத்தகத்தால் அவள் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டேன். டீச்சர் என்னைத் தடுக்கவில்லை, தன் புத்தகத்தாலும் ஒன்று போட்டார். சத்தம் போட வேண்டாம் என்று தாதி வந்து ஏசினாள். சாதாரணச் சதை வளர்ச்சி, கெட்டது இல்லை, எடுத்துவிட்டால் முடிந்தது என்பதைப் பஸ்ஸில்தான் சொன்னாள்.

சட்டத்தை நான் இன்னும் எடுக்கவில்லை. மாடியில் சீட்டு, பைப்படியில் நோய். அன்றைக்குப் பின்னேரம் பதினான்கு கோப்பையையும் ஜமீலாதான் கழுவினாள். எங்கள் இருவரையும் கிட்டே வர விடவில்லை. படியில் உட்கார்ந்து அவளுக்குக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.